போயஸ் கார்டன்: சொந்த நகராட்சி இல்லாத ஒரு பணக்கார ஊர்

2024 ஜூலையில் ‘ராயன்’ பட இசை வெளியீட்டு விழா. மேடையில் தனுஷ் ஒரு பழைய கதை சொன்னார். பதினாறு வயசு இருக்கும்போது நண்பரோடு பைக்கில் கதீட்ரல் ரோடு பக்கம் போயிருக்கிறார். ரஜினி வீட்டைப் பார்க்கணும் என்று ஆசை. வழி கேட்டு, உள்ளே போய், வீட்டைப் பார்த்தாச்சு. திரும்பினால் இன்னொரு வீட்டு வாசலில் கூட்டம். விசாரித்தால் அது ஜெயலலிதா வீடு. ஒரு பக்கம் ரஜினி, ஒரு பக்கம் ஜெயலலிதா. என்றைக்காவது இதே இடத்தில் சின்னதாக ஒரு வீடாவது வாங்கிவிட வேண்டும் என்று அன்றைக்கு மனசில் விழுந்ததுதான் பிறகு வீடாக வந்து நின்றது என்றார். 2023 பிப்ரவரியில் அந்த வீட்டுக்குப் புதுமனை புகுவிழா நடந்தது. சின்னதாகத்தான் வந்ததா என்பதை போட்டோ பார்த்தவர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

சென்னையில் விலை எகிறிக் கிடக்கும் ஏரியாக்கள் வேறு இல்லையா? இருக்கின்றன. போட் கிளப் இருக்கிறது. கோட்டூர்புரம், கலாக்ஷேத்ரா காலனி, நுங்கம்பாக்கத்தின் சில தெருக்கள் என்று பட்டியல் நீளும். ஆனால் ஒரு பதினாறு வயசுப் பையன் பைக்கை நிறுத்தி அண்ணாந்து பார்த்துவிட்டு, வாழ்க்கைக்கே இலக்கு வைத்துக்கொள்கிற இடம் என்றால் அது போயஸ் கார்டன்தான். தமிழ் செய்திகளில் ரொம்ப காலம் அது ஊர்ப் பெயராகக்கூட இல்லை. ‘போயஸ் கார்டன் முடிவு செய்யும்’ என்று எழுதினால் யார் முடிவு செய்வார் என்று எல்லோருக்கும் தெரியும்.

சரி, உண்மையில் அது என்ன மாதிரியான இடம்? அங்கே காசு கொடுத்து வாங்குவது எதை?

யார் இந்தப் போ?

அண்ணா மேம்பாலத்திலிருந்து மயிலாப்பூர் நோக்கி கதீட்ரல் ரோட்டில் வந்தால் செம்மொழிப் பூங்கா, எதிர்ப்பக்கம் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி. அந்தப் பக்கம் உள்ளே திரும்பினால் இரண்டு மூன்று தெருக்கள், அவ்வளவுதான். பஸ் உள்ளே வராது. கடைத்தெரு கிடையாது. உயரமான காம்பவுண்டுச் சுவர்கள், சுவருக்கு மேலே மரங்கள், கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்ட செக்யூரிட்டி. ஊரே இரைச்சலாக இருக்க, இங்கே காக்கா கத்துவது கேட்கும்.

பெயருக்கு அர்த்தம் ரொம்ப எளிது: போ என்ற ஆங்கிலேயருடைய தோட்டம். 18-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோட்டைக்குள் நெருக்கியடித்து வாழ்ந்த கம்பெனி அதிகாரிகளும் வியாபாரிகளும் மெல்ல மவுண்ட் ரோட்டைத் தாண்டி வெளியே வந்தார்கள். வயலும் தோப்புமாக இருந்த இடங்களில் ஏக்கர் கணக்கில் வளைத்து, நடுவில் ஒரு பெரிய பங்களா கட்டிக்கொண்டார்கள். இவைதான் மெட்ராஸின் ‘தோட்ட வீடுகள்’. அடையாற்றங்கரையில் ஜார்ஜ் மௌப்ரே என்ற அதிகாரி மட்டும் 105 ஏக்கர் வைத்திருந்தார். இன்றைய கணக்கில் ஏறக்குறைய 1,900 கிரவுண்டு! அந்த வீட்டுக்குப் போகிற வழிதான் மௌப்ரேஸ் ரோடு, இன்றைய டி.டி.கே. சாலை. பைகிராஃப்ட்ஸ் கார்டன், சுல்லிவன் கார்டன், போயஸ் கார்டன் எல்லாம் இதே வழி வந்த பெயர்கள். தோட்டங்கள் துண்டு துண்டாகி மனைகளானதும் வீட்டுக்காரர் போய்விட்டார், பெயர் மட்டும் தங்கிவிட்டது.

அதாவது, அந்தக் காலத்தில் இது புறநகர். ஊரின் நெரிசல் வேண்டாம், ஆனால் ஊர் கூப்பிடு தூரத்தில் இருக்கணும் என்று நினைத்தவர்கள் வந்து குடியேறிய இடம்.

தி.நகரும் இப்படித்தான் ஆரம்பித்தது

புறநகராகத் தொடங்கிய எல்லா இடமும் இப்படி அமைதியாக இருந்துவிடவில்லை. பக்கத்திலேயே தி.நகர் இருக்கிறது. மாம்பலத்தின் நீண்ட ஏரியை வடித்து, 1920-களில் அரசே திட்டம் போட்டு உருவாக்கிய குடியிருப்பு அது. நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராய செட்டியின் பெயர் வைத்து, நடுவில் பனகல் பூங்கா வைத்து, வீட்டைச் சுற்றித் தோட்டம் விட்டுக் கட்டிய பங்களாக்களின் ஊர். 1928-ல் நல்லி பட்டுக்கடை அங்கே வந்தது. 1931-ல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அப்புறம் நடந்தது தெரிந்ததே. மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கிய கூட்டம் ரங்கநாதன் தெருவை நிரப்பியது, உஸ்மான் ரோட்டு வீடுகள் ஒவ்வொன்றாகக் கடைகளாயின. இன்றைக்கு அங்கே ஒரு பழைய பங்களாவைக் கண்டுபிடிப்பது தீபாவளிக்கு முந்தின வாரம் பார்க்கிங் கண்டுபிடிப்பது மாதிரி.

இரண்டு இடத்துக்கும் என்ன வித்தியாசம்? ரயில் ஸ்டேஷன், பஸ் நிலையம், குறுக்கே ஓடும் பெரிய ரோடுகள். எல்லோரும் வந்துபோகிற இடம் கடைத்தெருவாகும். யாரும் காரணமில்லாமல் நுழையாத இடம் வீடாகவே இருக்கும். பணக்கார ஏரியாவின் ரகசியம் வீட்டின் அழகில் பாதிதான். மீதிப் பாதி, யார் வரலாம், பக்கத்தில் என்ன வரலாம் என்பதில் இருக்கிறது.

அமெரிக்காவில் இதையே ஊராக்கிவிட்டார்கள்

கலிஃபோர்னியாவில் ஏதர்டன் என்று ஒரு சின்ன ஊர். மக்கள்தொகை சுமார் 7,000. சிலிக்கான் வேலியின் பெரிய முதலாளிகள் வசிக்கும் இடம். நாட்டிலேயே விலை உயர்ந்த பின்கோடு எது என்ற பட்டியல்களில் பல வருஷம் முதலிடம்.

இந்த ஊர் பிறந்த கதை சுவாரஸ்யமானது. 1923-ல் பக்கத்து ஊரான மென்லோ பார்க், இந்தப் பகுதியையும் சேர்த்துக்கொண்டு நகராட்சியாக முயன்றது. அப்படிச் சேர்ந்தால் கடை கண்ணி எல்லாம் வந்துவிடும் என்று இங்கிருந்த நில உடைமையாளர்கள் பயந்தார்கள். இரண்டு தரப்பும் தலைநகர் சாக்ரமெண்டோவுக்கு அடித்துப் பிடித்து ஓடின. முதலில் போய்ச் சேர்ந்தது ஏதர்டன்காரர்கள். தனி ஊராகிவிட்டார்கள்.

தனி ஊர் என்றால் தனி கவுன்சில், தனி போலீஸ், தனி கட்டட விதி. ஊரின் பெரும்பகுதியில் ஒரு வீட்டு மனை குறைந்தது 1 ஏக்கர் இருக்க வேண்டும். நம்ம கணக்கில் 18 கிரவுண்டு. அதைவிடச் சின்ன மனை விற்கவே முடியாது என்றால், அதை வாங்க முடியாதவர் ஊருக்குள் வரவும் முடியாது. யாரையும் ‘வராதே’ என்று சொல்லத் தேவையில்லை; விதியே சொல்லிவிடும். ஊருக்குள் இருந்த ரயில் ஸ்டேஷனையும் 2020 டிசம்பரில் மூடிவிட்டார்கள். (மாம்பலத்தை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள்.)

இப்போது கலிஃபோர்னியா மாநில அரசு, எல்லா ஊரும் புது வீடுகளுக்கு இடம் ஒதுக்கணும் என்கிறது. ஏதர்டனுக்குச் சொன்ன எண்ணிக்கை 348. அதற்காக ஊர் கவுன்சில் சில இடங்களை அடுக்கு வீடுகளுக்குத் திறந்துவிடப் பார்த்தபோது, 2023 ஜனவரியில் எதிர்த்துக் கடிதம் எழுதியவர்களில் கூடைப்பந்து நட்சத்திரம் ஸ்டீஃபன் கறியும் ஒருவர். தன் வீட்டுக்குப் பக்கத்தில் அப்படி வரக்கூடாது, வந்தே தீரும் என்றால் நடுவில் உயரமான வேலியும் மரங்களும் வேண்டும் என்று கேட்டார். கோடிகளில் புரள்பவருக்கும் கடைசியில் பக்கத்து வீட்டு மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பார்களே என்ற கவலைதான்.

போயஸ் கார்டன்காரர்களுக்கும் அதே கவலை உண்டு. ஆனால் அவர்களுக்குத் தனி கவுன்சில் கிடையாது. பெருநகர சென்னை மாநகராட்சியின் 200 வார்டுகளில் ஒன்றின் ஒரு மூலைதான் அவர்கள். பக்கத்தில் என்ன வரும் என்பதை அவர்களால் முடிவு செய்ய முடியாது. அது எப்படி என்பதற்கு ஒரே ஒரு வீட்டின் கதை போதும்.

10 கிரவுண்டு வீடு

1967-ல் நடிகை சந்தியா, மகள் ஜெயலலிதாவோடு சேர்ந்து வாழ இங்கே இடம் வாங்கினார். ஜெயலலிதா 2016 தேர்தலில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தின்படி மனை 24,000 சதுர அடி, அதாவது சரியாக 10 கிரவுண்டு. வாங்கிய விலை 1.32 லட்சம் ரூபாய். சதுர அடிக்குப் பார்த்தால் 5 ரூபாய் 50 காசு. அதே பத்திரத்தில் 2016-ல் காட்டிய மதிப்பு 43.96 கோடி.

சந்தியா 1971-ல் இறந்துவிட்டார். 1972-ல் புதுமனை புகுவிழா. அம்மாவின் இயற்பெயர் வேதவல்லி. வீட்டுக்கு வேதா நிலையம் என்று பெயர்.

கதீட்ரல் ரோட்டின் அந்தப் பக்கம், நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், கோபாலபுரம். அங்கே வேணுகோபாலசுவாமி கோயிலை ஒட்டி 1955-ல் கருணாநிதி வாங்கிய வீடு. தமிழ்நாட்டின் ஒரு கால் நூற்றாண்டு அரசியல் இந்த இரண்டு வாசல்களுக்கு நடுவில் நடந்தது. ஆனால் இரண்டும் வேறு வேறு ஜாதி வீடுகள். கோபாலபுரம் வீடு தெருவை ஒட்டி நிற்கும். அக்கம்பக்கத்து வீடுகள் கைக்கு எட்டும் தூரம். வேதா நிலையத்துக்கு முன்னால் பெரிய கேட், உள்ளே மா, பலா, தென்னை, வாழை. கோபாலபுரத்தில் தலைவர் வெளியே வந்தால் தெருவே பார்க்கும். போயஸ் கார்டனில் தலைவி பால்கனியில் தோன்றினால்தான் தரிசனம். வீட்டின் அமைப்பே அரசியல் பாணியைச் சொல்லிவிட்டது என்று தோன்றும்.

1991-ல் ஜெயலலிதா முதல்வரானதும், அமைதிக்காக இங்கே வந்தவர்களின் அமைதி போனது. போலீஸ் தடுப்பு, கான்வாய், கட்சிக்காரர்களின் கார்கள், பேனர்கள், சால்வையோடு காத்திருக்கும் மாவட்டச் செயலாளர்கள். 1996 டிசம்பர் 7-ல் அவர் கைதானதும் இங்கிருந்துதான். 2016 டிசம்பர் 6 அதிகாலை ஆஸ்பத்திரியிலிருந்து அவர் உடல் வந்ததும் இங்கேதான். ஒவ்வொரு தடவையும் தெரு முழுக்க ஜனம், டி.வி. வேன்.

வாசலில் வந்து நின்ற நினைவிடம்

பிறகு வந்ததுதான் பெரிய சிக்கல். 2017 ஆகஸ்ட்டில் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, வேதா நிலையம் அரசு நினைவிடமாகும் என்று அறிவித்தார். நினைவிடம் என்றால் என்ன? தினமும் பஸ்ஸில் வந்து இறங்கும் கூட்டம், டிக்கெட் கவுண்ட்டர், வாசலில் இளநீர், ஐஸ்க்ரீம் வண்டி, பார்க்கிங். மெரினாவில் அது சகஜம். இரண்டு கார் எதிரெதிரே வந்தாலே யோசிக்கும் தெருவில்?

போயஸ் கார்டன், கஸ்தூரி எஸ்டேட் வீட்டு உரிமையாளர்கள் சங்கம் எதிர்த்தது. 2013 நிலம் கையகப்படுத்தும் சட்டப்படி, நிலத்தை எடுக்கும் முன் அதனால் சுற்றுவட்டாரத்துக்கு என்ன பாதிப்பு என்று அரசு ஆய்வு செய்ய வேண்டும். நெரிசல், பாதுகாப்பு, நிம்மதி போய்விடும் என்று சங்கம் வாதாடியது. 2020-ல் சென்னை உயர் நீதிமன்றத்தையும் நாடியது. ஏதர்டனில் இது கவுன்சில் கூட்டத்தோடு முடிந்திருக்கும் விஷயம். இங்கே, தமிழ்நாட்டின் பெரிய பணக்காரர்கள் சிலரே மனு போட்டுவிட்டுத் தேதிக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது.

அரசு நிற்கவில்லை. 2020 மே மாதம் அவசரச் சட்டம். அதே மாதம் உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, அண்ணன் பிள்ளைகளான தீபாவும் தீபக்கும் ஜெயலலிதாவின் சட்டப்படியான வாரிசுகள் என்றது. கூடவே, வீட்டின் ஒரு பகுதியை மட்டும் நினைவிடமாக்கி, மீதியை முதல்வரின் அதிகாரபூர்வ இல்லமாகவும் அலுவலகமாகவும் ஆக்கினால் என்ன என்று ஒரு யோசனையும் சொன்னது. தெருக்காரர்களுக்கு அன்றைக்குத் தூக்கம் வந்திருக்குமா தெரியாது. எந்தக் கட்சி வந்தாலும் போலீஸ் தடுப்பு நிரந்தரம் என்றல்லவா அர்த்தம்!

ஜூலையில் அரசு 67.9 கோடி ரூபாயை நீதிமன்றத்தில் கட்டியது. அதில் பாதிக்கு மேல் வருமான வரிப் பாக்கிக்கே. உள்ளே இருந்த பொருட்களையும் எண்ணிப் பட்டியல் போட்டார்கள்: 4 கிலோவுக்கு மேல் தங்கம், 601 கிலோ வெள்ளி, 38 ஏ.சி., 8,376 புத்தகங்கள். தங்கமும் வெள்ளியும் தலைப்புச் செய்தியாயின. ஆனால் அந்த வீட்டில் இருந்தவரைப் பற்றி அதிகம் சொல்வது அந்தப் புத்தகக் கணக்குதான்.

2021 ஜனவரி 28 அன்று திறப்பு விழாவும் நடந்தது, ஆனால் பொதுமக்களை உள்ளே விடக்கூடாது என்ற நீதிமன்ற நிபந்தனையோடு. அதே வருஷம் நவம்பர் 24-ல் நீதிபதி என்.சேஷசாயி கையகப்படுத்தியதையே ரத்து செய்தார். மெரினாவில் ஏற்கெனவே பெரிய நினைவிடம் இருக்கும்போது இரண்டாவது எந்தப் பொது நோக்கத்துக்கு என்பது அவர் எழுப்பிய கேள்வி. டிசம்பரில் சாவி வாரிசுகள் கைக்கு வந்தது.

தெரு தப்பித்தது. ஆனால் தெரு போட்ட வழக்கால் அல்ல, வாரிசுகள் போட்ட வழக்கால். வாரிசுகளுக்கு வீடு வேண்டாம், பணமே போதும் என்று தோன்றியிருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். 2024 ஜனவரியில் வேதா நிலையத்துக்கு எதிரே சசிகலா புதிதாகக் கட்டிய வீட்டில் புதுமனை புகுவிழா நடந்தது. அன்றைக்கும் தெருவில் கட்சிக்காரர்கள், மைக்குகள்.

ஓட்டும் தண்ணீரும்

தேர்தல் நாளில் ஜெயலலிதாவும் ரஜினியும் ஓட்டுப்போட வரும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி வாக்குச்சாவடிதான். தொகுதி, ஆயிரம் விளக்கு. 2016-ல் அ.தி.மு.க. மாநிலத்தில் ஜெயித்தது, ஜெயலலிதா மறுபடி முதல்வரானார். ஆனால் அவர் ஓட்டுப்போட்ட தொகுதியில் ஜெயித்தது தி.மு.க.வின் கு.க.செல்வம். முதல்வருக்கே தன் தொகுதியில் எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.! தொகுதியின் முடிவு பங்களா தெருக்களின் கையில் இல்லை. சுற்றியிருக்கும் சந்துகளில், லைன் வீடுகளில், குடியிருப்பு வாரிய பிளாக்குகளில் இருக்கிறவர்கள் எண்ணிக்கை ரொம்ப அதிகம். இந்த வீடுகளில் சமைப்பவர்களும் கார் ஓட்டுபவர்களும் நிறைய பேர் அப்படிப்பட்ட இடங்களிலிருந்து வருகிறவர்கள்தான்.

தண்ணீர் விஷயமும் அப்படியே. 2015 டிசம்பரில் அடையாறு பொங்கியபோது கோட்டூர்புரத்தில் பங்களாவும் மூழ்கியது, வாரியக் குடியிருப்பும் மூழ்கியது. பங்களாக்காரர் ஹோட்டலுக்குப் போனார், வாரியக் குடியிருப்புக்காரர் பள்ளிக்கூடத்துக்குப் போனார் என்பது மட்டும்தான் வித்தியாசம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது போயஸ் கார்டனில் ரஜினி வீட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்கிய வீடியோ பரவியது. ‘தலைவருக்கே இந்த நிலைமையா’ என்று பலர் ஆச்சரியப்பட்டார்கள். ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. ஊருக்கு ஓடும் அதே கால்வாய்தான் இங்கும் ஓடும். ஏதர்டன் மாதிரி ‘எங்கள் ஊர் வடிகாலை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொல்ல இங்கே வழியில்லை. அதனால்தான் பணக்காரத் தெருவும் வார்டு கவுன்சிலருக்குப் போன் பண்ண வேண்டியிருக்கிறது. அது நல்லதா கெட்டதா? தெரு தள்ளியே இருக்க நினைத்தாலும், மழை வந்தால் ஊரோடு சேர்ந்துதான் ஆகணும் என்பதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

அடுத்து என்ன?

இனி நினைவிடம் வராது. வரப்போவது அபார்ட்மென்ட். அதைத் தடுக்க ஒரு ஏக்கர் விதி மாதிரி எதுவும் சென்னையில் கிடையாது.

வழக்கமாக நடப்பது இதுதான். அப்பா காலத்து பங்களா, பிள்ளைகள் மூன்று பேர், அதில் இரண்டு பேர் அமெரிக்காவில். வீட்டை மூன்றாக வெட்ட முடியாது. பில்டர் வருவார். நிலம் உங்களுடையது, கட்டுவது நான், ஃபிளாட்டுகளைப் பங்கு போட்டுக்கொள்வோம் என்பார். இதற்கு நம்ம ஊரில் ‘ஜாயின்ட் வென்ச்சர்’ என்று பெயர். பழைய வீடு விற்காமலே மறைந்துவிடும்.

கணக்கு எவ்வளவு வரும்? 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி, சாதாரண உயரக் கட்டடத்துக்கு மனையின் பரப்பைப் போல இரண்டு மடங்கு கட்டலாம். இதைத்தான் எஃப்.எஸ்.ஐ. 2 என்பார்கள். முன்பு அது 1.5-ஆக இருந்தது. ரோடு அகலமாக இருந்தால் கட்டணம் கட்டி இன்னும் கொஞ்சம் கூடுதலாகவும் வாங்கலாம்.

வேதா நிலையம் அளவுக்கு, 10 கிரவுண்டில் ஒரு பழைய பங்களா இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மடங்கு என்றால் 48,000 சதுர அடி. தலா 3,000 சதுர அடி என்று ஆடம்பரமாகவே பிரித்தாலும் 16 ஃபிளாட். ஒரு குடும்பம் இருந்த இடத்தில் 16 குடும்பம், வீட்டுக்கு இரண்டு என்றால் 32 கார், அத்தனைக்கும் டிரைவர்கள், சமையல்காரர்கள், 16 வீட்டுக் கழிவுநீர். மா, பலா நின்ற இடத்தில் பேஸ்மென்ட் பார்க்கிங். வடிகால் மட்டும் அதே பழைய வடிகால்.